குடும்பச் சிகிச்சை (உளநோய்)

குடும்பச் சிகிச்சை என்பது, உளநோய்க்கு ஆளான ஒருவருடன் அவரோடு வாழும் பெற்றோர், வாழ்க்கைத் துணை, உடன்பிறந்தோர் முதலியோரையும் சேர்த்து அமர்த்தி நடத்தப்படும் உளச்சிகிச்சை முறைகளின் பொதுப்பெயர் ஆகும். மனச்சிதைவு நோய், இருமுனையப் பிறழ்வு, அனோரெக்சியா எனப்படும் பசியற்ற உளநோய், இளம்பருவத்தினரின் மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இது பயன்படுத்தப்படுகிறது. மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு போன்ற கடும் நோய்களில் மருந்துகளுடன் சேர்த்தே இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. மருந்துக்கு மாற்றாக அன்று.

இம்முறை 1950களில் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்றது. அப்போது அதன் அடிப்படையாக இருந்தது, நோயை உண்டாக்குவதே குடும்பம்தான் என்னும் கருதுகோள். அக்கருதுகோளுக்குச் சான்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. ஆயினும் குடும்பத்துடன் சேர்ந்து பணியாற்றும் முறை நிலைத்தது. இன்று மிகுந்த சான்றுகளைக் கொண்டுள்ள முறைகள், குடும்பத்தினரைக் குற்றம் சாட்டாமல் அவர்களைப் பராமரிப்பில் பங்காளிகளாகக் கொள்பவையே. ஒரு மருத்துவத் துறை தன் தொடக்கக் கோட்பாடு தவறான பின்னரும் பயனுள்ளதாக வளர்ந்தமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தோற்றம்

1940களில் அமெரிக்க உளநல மருத்துவத்தில் சிக்மண்ட் பிராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வு முறை ஓங்கியிருந்தது. அம்முறையில் மருத்துவர் நோயாளியை மட்டுமே சந்திப்பார். உறவினரைச் சந்திப்பது சிகிச்சைக்கு இடையூறு எனக் கருதப்பட்டது. ஆனால் நோயாளி நினைவுகூரும் குழந்தைப் பருவ நிகழ்வுகளில் தாய் தவறாமல் இடம்பெற்றார். எனவே நோயின் வேரும் தாயிடமே தேடப்பட்டது. செருமனியில் பிறந்து, மேரிலாந்து மாநிலத்தின் செஸ்நட் லாட்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய பிரீடா புரோம்-ரைக்மன், 1948 இல் வெளியான கட்டுரை ஒன்றில் 'மனச்சிதைவை விளைவிக்கும் தாய்' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். கட்டுரையின் மையக்கருத்து அதுவன்று. எனினும் அச்சொல் கட்டுரையை விட்டு வெளியேறி, பாடநூல்களிலும் மருத்துவமனைகளிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் வழங்கி வந்தது.

அடுத்த முக்கியமான அடி கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் எடுத்துவைக்கப்பட்டது. நியூகினியிலும் பாலித்தீவிலும் களப்பணி செய்த மானிடவியலாளர் கிரெகரி பேட்சன், டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லாண்ட் ஆகியோருடன் சேர்ந்து 1956 இல் மனச்சிதைவு பற்றிய ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். 'இரட்டைக் கட்டு' என அழைக்கப்படும் இக்கோட்பாட்டின்படி, குழந்தை ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரு செய்திகளைப் பெறுகிறது. ஒன்று சொல்லால் வரும். மற்றொன்று குரல், முகக்குறிப்பு, உடலசைவு ஆகியவற்றால் வரும். எதற்குக் கீழ்ப்படிந்தாலும் மற்றதை மீறியதாகிவிடும். முரண்பாட்டைச் சுட்டிக்காட்டவும் அனுமதியில்லை. சார்ந்து வாழ்வதால் அவ்விடத்தை விட்டு விலகவும் இயலாது.

அக்கட்டுரையில் இதற்குத் தரப்பட்ட நிகழ்வு பரவலாக அறியப்பட்டதாகும். நோயிலிருந்து தேறிவரும் இளைஞர் ஒருவரைப் பார்க்க அவருடைய தாய் மருத்துவமனைக்கு வருகிறார். மகன் மகிழ்ச்சியுடன் தாயின் தோளில் கை போடுகிறார். தாயின் உடல் விறைக்கிறது. மகன் கையை எடுத்துவிட, தன்மீது அன்பு போய்விட்டதா எனத் தாய் கேட்கிறார். மகன் முகம் சிவக்க, தன் உணர்ச்சிகளைக் கண்டு இவ்வளவு கூச்சப்படக் கூடாது என்று அறிவுரையும் கூறுகிறார். தாய் சென்ற சிறிது நேரத்தில் மகன் மருத்துவமனைப் பணியாளர் ஒருவரைத் தாக்குகிறார். இந்நிகழ்வு நுட்பமாகக் கவனிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல ஆண்டுகளாக நோயுற்றிருக்கும் மகனை அணுகும் தாய் அச்சத்தால் விறைத்திருக்கலாம் என்ற மற்றொரு விளக்கத்துக்கு அக்காலத்தில் போதிய இடமளிக்கப்படவில்லை.

இதே காலத்தில் பெதஸ்டாவிலுள்ள தேசிய மனநலக் கழகத்தில் முரே போவன் முதலில் தாய்மாரையும், பின்னர் தந்தை, உடன்பிறந்தோர் உட்பட முழுக் குடும்பங்களையும் நோயாளியுடன் மருத்துவமனையில் தங்கவைத்து ஆய்வு செய்தார். இவ்வாய்வு 1954 முதல் 1959 வரை நடைபெற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் தியோடர் லிட்ஸ் பெற்றோரின் மணவாழ்க்கைப் பிளவுகளை ஆராய்ந்தார். 1958 இல் டான் ஜாக்சன் பாலோ ஆல்ட்டோவில் உளநல ஆய்வுக்கழகம் ஒன்றை நிறுவினார். 1962 இல் இத்துறைக்கெனத் தனி ஆய்விதழும் வெளிவரத் தொடங்கியது.

குடும்பம் ஒரு முறைமை என்னும் கருத்து

மேற்கண்ட ஆய்வாளர்களுள் பலரை இணைத்தது, அப்போது புதிதாகத் தோன்றியிருந்த சைபர்நெட்டிக்ஸ் என்னும் கட்டுப்பாட்டியலாகும். அதன் மையக்கருத்து பின்னூட்டம். குளிர்பதனப் பெட்டியின் உள்ளே வெப்பம் உயர்ந்தால் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. குறித்த அளவுக்குக் குளிர்ந்ததும் நின்றுவிடுகிறது. விளைவே மீண்டும் காரணமாகி, பெட்டியைச் சமநிலையில் வைத்திருக்கிறது. குடும்பமும் இத்தகைய ஒரு முறைமை என ஜாக்சன் வாதிட்டார். நோயாளி குணமடையும்போது குடும்பத்தில் வேறொருவர் நோயுறுவதை அவர் கண்டார். எனவே ஒருவரின் நோயறிகுறி, குடும்பத்தின் சமநிலையைக் காக்கும் வேலையைச் செய்கிறது என்று முடிவுசெய்தார்.

இக்கருத்தின் பயன், காரணத்தை ஒரு கோடாகப் பார்க்காமல் வட்டமாகப் பார்க்க வைத்ததாகும். மகன் பேசாமலிருப்பதால் தந்தை கத்துகிறார். தந்தை கத்துவதால் மகன் பேசாமலிருக்கிறார். இதில் எது முதல் என்று தேடுவது வீண். வட்டத்தை ஏதேனும் ஓரிடத்தில் முறித்தால் போதும். இன்றைய குடும்பச் சிகிச்சையாளர்களும் இவ்வாறே சிந்திக்கின்றனர். ஆனால் ஓர் உவமையாக நன்கு பயன்படும் ஒன்றை நோய்க்காரணமாகவே கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. பெட்டியின் சமநிலை அதை வடிவமைத்தவரின் நோக்கம். குடும்பத்துக்கு அத்தகைய நோக்கம் உண்டென எவரும் மெய்ப்பிக்கவில்லை.

பிரித்தானியாவில் ஆர். டி. லெயிங், ஆரன் எஸ்டர்சன் ஆகியோர் 1964 இல் வெளியிட்ட நூலில், மனச்சிதைவு எனப் பெயரிடப்பட்ட பதினொரு பெண்களின் குடும்பங்களை விவரித்து, குடும்பச் சூழலை அறிந்தால் அப்பெண்களின் நடத்தை புரிந்துகொள்ளக் கூடியதே எனக் காட்ட முயன்றனர். இந்நூல் மருத்துவ உலகுக்கு வெளியேயும் பெரிதும் வாசிக்கப்பட்டது.

குற்றச்சாட்டின் வீழ்ச்சி

தொடக்ககால ஆய்வுகளில் அடிப்படையான குறை ஒன்று இருந்தது. குடும்பங்கள் யாவும் நோய் தோன்றிய பின்னரே பார்க்கப்பட்டன. பல்லாண்டுகள் நோயுடன் வாழ்ந்த பெற்றோரிடம் காணப்படும் பதற்றமும் முரண்பாடும் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதை அத்தகைய ஆய்வால் கூற இயலாது. நோயற்றவர்களின் குடும்பங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தலும் குறைவாகவே நடந்தது. இரட்டைக் கட்டை அளக்கவும் முடியவில்லை. பெற்றோர் எழுதிய கடிதங்களில் அது உள்ளதா என மதிப்பிடுமாறு கேட்கப்பட்டபோது, கோட்பாட்டை நன்கறிந்த வல்லுநர்களின் மதிப்பீடுகளே ஒன்றோடொன்று பொருந்தவில்லை என 1966 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அதே ஆண்டில் லியோனார்ட் ஹெஸ்டன் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய அடியாக அமைந்தது. மனச்சிதைவு நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை அவர் கண்டறிந்தார். அவர்களுள் ஐவருக்கு மனச்சிதைவு ஏற்பட்டிருந்தது. நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் அந்நோய் இல்லை. தாய் வளர்த்த முறையே நோய்க்குக் காரணம் என்றால், தாய் வளர்க்காத பிள்ளைகளுக்கு நோய் வந்திருக்கக் கூடாது. டென்மார்க்கில் நடைபெற்ற தத்துப்பிள்ளை ஆய்வுகளும் மரபுக்கூறின் பங்கை உறுதிசெய்தன.

இதனால் சூழலுக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. பின்லாந்தில் பெக்கா தியனாரி குழுவினர் நீண்டகாலம் நடத்திய தத்துப்பிள்ளை ஆய்வில், மரபுவழி இடர் மிகுந்த பிள்ளைகள் பிணக்கு மிகுந்த வளர்ப்புக் குடும்பங்களில் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதும், இடர் குறைந்த பிள்ளைகளை அதே சூழல் அவ்வளவாகத் தாக்காததும் தெரியவந்தன.

இக்கோட்பாட்டால் குடும்பங்கள் பட்ட துன்பம் சிறிதன்று. தம் பிள்ளையின் நோய்க்குத் தாமே காரணம் எனப் பெற்றோர் ஒரு தலைமுறைக் காலம் நம்பவைக்கப்பட்டனர். நோயின் பெயரோ மருந்தின் விவரமோ அவர்களுக்குக் கூறப்படாத நிலையும் இருந்தது. இதற்கு எதிர்வினையாகக் குடும்பத்தினரே அமைப்புகளைத் தொடங்கினர். பிரித்தானியாவில் 1972 இல் தேசிய மனச்சிதைவு நட்புறவுக் கழகம் தோன்றியது. 1979 இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், நோயுற்ற மகன்களைக் கொண்ட இரு தாய்மாரின் முயற்சியிலிருந்து, நாமி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தேசிய அமைப்பு உருவானது.

வெளிப்படு உணர்ச்சி

குடும்பச் சிகிச்சையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த ஆய்வு, சிகிச்சையாளர்களிடமிருந்து வரவில்லை. சமூகவியலாளர் ஒருவரிடமிருந்து வந்தது. 1950களில் புதிய மருந்துகளின் வருகையால் மருத்துவமனைகளில் நெடுங்காலம் இருந்தவர்கள் வெளியே அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் மீண்டும் நோய் முற்றித் திரும்பினர். இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் இவர்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை விடுதிகளில் தங்கியவர்களும் உடன்பிறந்தோருடன் தங்கியவர்களும் நன்றாக இருந்தனர். நெருங்கிய உறவில் ஏதோ ஒன்று நோயாளிக்குச் சுமையாகிறது என அவர் ஊகித்தார்.

அந்த 'ஏதோ ஒன்றை' அளக்க ஒரு நேர்காணல் முறை உருவாக்கப்பட்டது. உறவினர் ஒருவரிடம், நோயாளி இல்லாத வேளையில், கடந்த சில மாதங்களில் வீட்டில் நடந்தவை கேட்கப்படும். உரையாடல் ஒலிப்பதிவு செய்யப்படும். பின்னர் பயிற்சி பெற்றவர்கள் அதைக் கேட்டு, குறைகூறும் சொற்களை எண்ணுவர். பகையுணர்வு, மிகையான உணர்ச்சி ஈடுபாடு, பரிவு, பாராட்டு ஆகியவற்றை மதிப்பிடுவர். என்ன சொல்லப்பட்டது என்பதைப் போலவே எந்தக் குரலில் சொல்லப்பட்டது என்பதும் கணக்கில் கொள்ளப்படும். "அவன் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பான்" என்னும் கூற்று, ஒரு குரலில் செய்தி. மற்றொரு குரலில் குற்றச்சாட்டு. குறைகூறல், பகையுணர்வு, மிகையான ஈடுபாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று குறித்த அளவைத் தாண்டினால் அக்குடும்பம் 'உயர் வெளிப்படு உணர்ச்சி' உடையதாகக் கொள்ளப்படும்.

மிகையான ஈடுபாடு என்பது அன்பின் மிகுதியால் வருவதே. நோயுற்ற வளர்ந்த மகனுக்குத் தாயே ஊட்டிவிடுதல், அவரைத் தனியே விட அஞ்சித் தம் வேலையைத் துறத்தல், அவர் சார்பில் தாமே எல்லாவற்றுக்கும் விடையளித்தல் போன்றவை இதில் அடங்கும்.

1972 இல் பிரவுன், பர்லி, விங் ஆகியோர் 101 நோயாளிகளைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். வீடு திரும்பிய ஒன்பது மாதங்களுக்குள், உயர் வெளிப்படு உணர்ச்சி உள்ள வீடுகளில் 58% பேருக்கும், ஏனைய வீடுகளில் 16% பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. 1976 இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகியோர் இதே ஆய்வை மீண்டும் செய்து ஒத்த முடிவைப் பெற்றனர். இரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது மேலும் இரு காரணிகள் தெரிந்தன. ஒன்று, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளல். மற்றொன்று, நோயாளியும் உறவினரும் நேருக்கு நேர் கழிக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணிக்கு மேற்பட்டதா என்பது. உணர்ச்சி வெளிப்பாடு குறைந்த வீட்டில் மருந்தும் உட்கொண்டவர்களுள் 12% பேருக்கே நோய் திரும்பியது. உயர் வெளிப்படு உணர்ச்சி, 35 மணிக்கு மேற்பட்ட தொடர்பு, மருந்தின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது இது 92% ஆனது.

1998 இல் 27 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த பட்ஸ்லாஃப், ஹூலி ஆகியோர், மனச்சிதைவில் வெளிப்படு உணர்ச்சிக்கும் நோய் திரும்புதலுக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்தனர். மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகளிலும் உணவுசார் கோளாறுகளிலும் இத்தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். இவ்வாய்வுகள் நோய் எதனால் தோன்றுகிறது என்று கூறவில்லை; தோன்றிய நோய் எச்சூழலில் திரும்புகிறது என்றே கூறுகின்றன. நீரிழிவு உள்ளவரின் வீட்டுச் சமையல் அந்நோயை உண்டாக்கியதாகக் கொள்ளாமலேயே, அச்சமையலை மாற்றுவது பயன்தரும் என்று சொல்வதைப் போன்றது இது.

குடும்ப உளக்கல்வி

வெளிப்படு உணர்ச்சி அளக்கத்தக்கதானால் அதைக் குறைக்கவும் இயலும் என்ற எண்ணத்திலிருந்து புதிய சிகிச்சை முறை பிறந்தது. இலண்டனில் லெஃப் குழுவினர், தெற்குக் கலிபோர்னியாவில் இயன் ஃபலூன், பிட்ஸ்பர்க்கில் கேரல் ஆண்டர்சன், ஜெரார்ட் ஓகார்ட்டி ஆகியோர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதில் ஈடுபட்டனர். விவரங்களில் வேறுபட்டாலும் இம்முறைகளின் போக்கு ஒன்றே.

முதல் சந்திப்புகளில் நோயைப் பற்றிய தகவல்கள் குடும்பத்தினருக்கு எளிய சொற்களில் கூறப்படுகின்றன. நோய்க்கு அவர்கள் காரணமல்லர் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. பல வீடுகளில் பெரும் பிணக்குக்குக் காரணமாவது, மனச்சிதைவின் ஆரவாரமான அறிகுறிகளைவிட அதன் மௌனமான அறிகுறிகளே. காதில் குரல் கேட்பதாகக் கூறும் மகனை நோயாளி என எவரும் ஏற்றுக்கொள்வர். குளிக்காமல், பேசாமல், நண்பகல் வரை படுக்கையில் கிடக்கும் மகனை 'சோம்பேறி' என்பர். ஊக்கமின்மையும் உணர்ச்சி மழுங்குதலும் நோயின் பகுதிகளே என்று அறிந்தவுடன் குறைகூறல் கணிசமாகக் குறைவதைச் சிகிச்சையாளர்கள் கண்டனர். மருந்தின் பக்கவிளைவான உறக்கமும் இதில் சேரும்.

அடுத்ததாகப் பேச்சுப் பழக்கங்கள் பயிற்றுவிக்கப்படுகின்றன. "நீ எப்போதும் இப்படித்தான்" என்பதற்கு மாறாக, நடந்த ஒரு செயலைக் குறிப்பிட்டு, அது தமக்குத் தந்த உணர்வைக் கூறி, அடுத்தமுறை என்ன வேண்டும் என்பதைக் கேட்குமாறு குடும்பத்தினர் ஒத்திகை செய்கின்றனர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாதிருத்தல், நோயாளியைப் பற்றி அவர் முன்னிலையில் மூன்றாம் ஆள்போலப் பேசாதிருத்தல் போன்றவையும் இதில் அடங்கும்.

ஃபலூன் முறையில் சிக்கல் தீர்த்தல் ஆறு படிகளில் கற்பிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, இரவில் உரத்த ஒலியில் வானொலி கேட்கும் மகளால் வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை எனக் கொள்வோம். சிக்கல் என்னவென்று முதலில் அனைவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியமாக வரையறுக்கப்படும். பிறகு மனத்தில் தோன்றும் தீர்வுகள் யாவும், நகைப்புக்குரியவையும் உட்பட, தாளில் எழுதப்படும். ஒவ்வொன்றின் நன்மை தீமை பேசப்பட்டு, ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். அதை யார், எப்போது செய்வது எனத் திட்டமிடப்படும். அடுத்த சந்திப்பில் அது எவ்வாறு நடந்தது எனப் பார்க்கப்படும். மகள் அந்த ஒலியைக் கேட்பதே தன் காதில் ஒலிக்கும் குரல்களை மறைப்பதற்காக என்பது பெரும்பாலும் இரண்டாம் படியில்தான் பெற்றோருக்குத் தெரியவரும். காதொலிப்பான் வாங்குவது மூன்றாம் படி.

நோய் திரும்பும் முன் தோன்றும் அடையாளங்களைக் குடும்பம் பட்டியலிட்டு வைத்துக்கொள்வதும் இச்சிகிச்சையின் பகுதியாகும். உறக்கம் குறைதல், உணவில் ஐயம், பழைய நண்பர்களைத் தவிர்த்தல் என இது ஆளுக்கு ஆள் மாறும். தொடர்பு மிகுந்த வீடுகளில், பகலில் நோயாளியும் உறவினரும் சில மணிநேரம் தனித்தனியே இருக்க வழிசெய்யப்படுகிறது. தாய் மீண்டும் வேலைக்குச் செல்வதும் சிகிச்சையாக அமையலாம்.

அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் மெக்பார்லேன், ஐந்தாறு குடும்பங்களை ஒன்றாக அமர்த்தும் முறையை வளர்த்தெடுத்தார். ஒரு குடும்பம் கண்ட வழியை இன்னொன்று ஏற்பது, மருத்துவர் கூறி ஏற்பதைவிட எளிதாக இருந்தது.

பயன் குறித்த சான்றுகள்

தொடக்கச் சோதனைகளின் முடிவுகள் வியப்பூட்டுவனவாக இருந்தன. 1982 இல் ஃபலூன் குழுவினர் வெளியிட்ட சோதனையில் 36 நோயாளிகள் கலந்துகொண்டனர். ஒன்பது மாதங்களில், தனியாள் சிகிச்சை பெற்றோரில் 44% பேருக்கும் குடும்பச் சிகிச்சை பெற்றோரில் 6% பேருக்கும் நோய் திரும்பியது. 1986 இல் ஓகார்ட்டி குழுவினர் வெளியிட்ட ஓராண்டு முடிவுகளில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் 41% பேருக்கும், மருந்துடன் குடும்ப உளக்கல்வியும் பெற்றவர்களுள் 19% பேருக்கும் நோய் திரும்பியது. குடும்ப உளக்கல்வியுடன் சமூகத் திறன் பயிற்சியும் பெற்றவர்களுள் முதலாண்டில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

பிந்தைய சோதனைகளில் பயன் இவ்வளவு பெரிதாக இல்லை. 2010 இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 53 சோதனைகளை உள்ளடக்கியது. ஏறத்தாழ ஏழு குடும்பங்களுக்குச் சிகிச்சை அளித்தால் ஒருவருக்கு நோய் திரும்புவதைத் தவிர்க்கலாம் என அது கணித்தது. அதேவேளை, பல சோதனைகளின் தரம் குறைவு என்பதால் இப்பயன் மிகைப்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்றும் எச்சரித்தது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் மனச்சிதைவு உள்ளவருடன் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் இச்சிகிச்சை வழங்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையிலான காலத்தில் குறைந்தது பத்துச் சந்திப்புகள் வேண்டும் என்பது அதன் அளவு. ஓரிரு வகுப்புகளில் நோய் பற்றிய தகவலை மட்டும் தருவது குடும்பத்தினரின் அறிவை உயர்த்துகிறதே ஒழிய நோய் திரும்புவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பதில்லை.

இருமுனையப் பிறழ்வுக்கு டேவிட் மிக்லோவிட்ஸ் இம்முறையை மாற்றியமைத்தார். ஒன்பது மாதங்களில் 21 சந்திப்புகள் கொண்ட இச்சிகிச்சையை 101 பேரிடம் சோதித்து 2003 இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. இரண்டாண்டுகளில் குடும்பச் சிகிச்சை பெற்றோரில் 35% பேருக்கும், சுருக்கமான நெருக்கடிகால உதவி மட்டும் பெற்றோரில் 54% பேருக்கும் நோய் திரும்பியது.

பசியற்ற உளநோய்

குற்றச்சாட்டிலிருந்து பங்காளித்துவத்துக்கு நகர்ந்த அதே பாதையைப் பசியற்ற உளநோயின் வரலாற்றிலும் காணலாம். பிலடெல்பியாவில் சால்வடோர் மினுச்சின் வளர்த்த 'கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சை', பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே தெளிவான எல்லைகள் வேண்டும் என்றது. எல்லைகள் மங்கிப் பின்னிப்பிணைந்த குடும்பங்களில் இந்நோய் வருகிறது என்பது 1978 இல் அவர் குழுவினர் வெளியிட்ட நூலின் கருத்து. சிகிச்சை அறையிலேயே குடும்பத்துடன் மதிய உணவு உண்ணச்செய்வது அவர்களின் புகழ்பெற்ற உத்தி.

இலண்டனின் மோட்சிலி மருத்துவமனையினர் இந்த உணவுமேசையை எடுத்துக்கொண்டு காரணக் கோட்பாட்டை விட்டுவிட்டனர். அவர்களின் முறையில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதலில் பிள்ளையை உண்ணவைக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோரிடம் தரப்படுகிறது. எடை தேறியதும் அப்பொறுப்பு சிறிதுசிறிதாகப் பிள்ளையிடம் திருப்பித் தரப்படுகிறது. இறுதியில் வளரிளம் பருவத்துக்குரிய பிற செய்திகள் பேசப்படுகின்றன. நோய் பிள்ளையிலிருந்து வேறான ஒன்றாகவே பேசப்படும். உண்ண மறுப்பது மகளன்று, அவளைப் பிடித்துள்ள நோய் என்பது பெற்றோருக்குத் திரும்பத்திரும்ப நினைவூட்டப்படும்.

1987 இல் ஜெரால்ட் ரசல் குழுவினர் 80 நோயாளிகளைக் கொண்ட சோதனையை வெளியிட்டனர். நோய் 19 வயதுக்கு முன் தொடங்கி, மூன்றாண்டுக்குக் குறைவாக நீடித்தவர்களுக்கே குடும்பச் சிகிச்சை தெளிவான பயன் தந்தது. வயது வந்தபின் நோயுற்றவர்களுக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. 2010 இல் அமெரிக்காவில் 121 இளம்பருவத்தினரிடம் நடந்த சோதனையில், சிகிச்சை முடிந்து ஓராண்டின்பின் குடும்பச் சிகிச்சை பெற்றோரில் 49% பேரும் தனியாள் சிகிச்சை பெற்றோரில் 23% பேரும் முழுமையாகத் தேறியிருந்தனர். அதே ஆண்டில் பன்னாட்டு உணவுசார் கோளாறுகள் கழகம், குடும்பமே இந்நோய்க்கு முதன்மைக் காரணம் என்னும் கருத்தை ஏற்பதற்கில்லை என அறிவித்தது.

பிற முறைகள்

இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாத்சோலி உள்ளிட்ட நால்வர், ஒருவரின் நடத்தையைப் பற்றி மற்றொருவரிடம் கேட்டுக் குடும்பத்தின் உறவுச் சுழல்களை வெளிக்கொணரும் 'வட்டக் கேள்வி' முறையை உருவாக்கினர். கேள்வி முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மனச்சிதைவு பற்றிய அவர்களின் விளக்கங்கள் அவ்வளவாக நிலைக்கவில்லை.

பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில், தோர்னியோ நகரை மையமாகக் கொண்டு 1980களில் 'திறந்த உரையாடல்' என்னும் முறை வளர்ந்தது. அழைப்பு வந்த 24 மணிநேரத்துக்குள் சிகிச்சைக் குழு நோயாளியையும் அவருக்கு நெருக்கமானவர்களையும் சேர்த்துச் சந்திக்கும். நோயாளி இல்லாமல் அவரைப் பற்றிய எம்முடிவும் எடுக்கப்படாது. ஜாக்கோ செய்குலா வெளியிட்ட முடிவுகள் ஊக்கமளிப்பவை. ஆயினும் அவை சமவாய்ப்பு ஒப்பீட்டுக் குழு இல்லாமல், மக்கள் குறைவான ஒரு வட்டாரத்தில் பெறப்பட்டவை என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

விமர்சனங்கள்

வெளிப்படு உணர்ச்சி என்னும் அளவுகோலே பழைய குற்றச்சாட்டின் மெருகேற்றிய வடிவம் எனக் குடும்ப அமைப்புகள் சில கண்டித்தன. உறவினரின் குறைகூறல் நோயாளியின் நிலை மோசமாவதால் எழுகிறதா, நோயாளியின் நிலை குறைகூறலால் மோசமாகிறதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இரண்டும் என்பதே. சோதனைகளில் குடும்பச் சிகிச்சையால் நோய் திரும்புதல் குறைந்தமை, குறைகூறலுக்கும் பங்கு உண்டெனக் காட்டுகிறது.

எல்லாத் தரப்பையும் சமமாகக் கேட்பது என்னும் சிகிச்சையாளரின் நடுநிலை, வீட்டில் வன்முறை நிகழும்போது பொருந்தாது. அடிப்பவரும் அடிவாங்குபவரும் ஒரே சுழலின் இரு பகுதிகள் எனக் கொள்ளும் முறைமைக் கோட்பாட்டை 1980களில் பெண்ணிய ஆய்வாளர்கள் கடுமையாகச் சாடினர். வன்முறையும் தகாத பாலியல் நடத்தையும் உள்ள வீடுகளில், பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை உறுதிசெய்யும் முன் கூட்டுச் சந்திப்பு நடத்தலாகாது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறி.

இந்தியாவில்

மேற்கு நாடுகளில் உறவினரைச் சிகிச்சை அறைக்குள் அழைத்துவரக் கோட்பாடு தேவைப்பட்டது. இந்தியாவில் அவர்கள் முன்பே அங்கு இருந்தனர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்துப் பராமரிப்பில் ஈடுபடுத்தினார். இடநெருக்கடியும் பணியாளர் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் குடும்பத்துடன் இருந்தவர்கள் விரைந்து தேறி வீடு திரும்பினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவது சிகிச்சையின் பகுதியாகவே அமைந்தது. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குடும்ப உளநலத்துக்கெனத் தனிப்பிரிவு உள்ளது. சென்னையில் 1984 இல் சாரதா மேனன் முதலியோர் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃப், குடும்பத்தினருக்கான பயிற்சிகளை நடத்தி வருகிறது.

வெளிப்படு உணர்ச்சி பற்றிய ஆய்வு சண்டிகரிலும் நடத்தப்பட்டு 1987 இல் வெளியானது. இலண்டனில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் உயர் பிரிவில் இருக்க, சண்டிகரில் கால்பங்கு அளவே அப்பிரிவில் இருந்தன. இந்தியாவில் மனச்சிதைவு நோயாளிகள் ஓரளவு நன்றாகத் தேறுகின்றனர் என்ற உலகச் சுகாதார அமைப்பின் கண்டறிதலுக்கு இது ஒரு விளக்கமாகக் கூறப்பட்டது. எனினும் இதைக் கூட்டுக்குடும்பத்தின் புகழ்பாடும் சான்றாக எடுத்துக்கொள்வது அவசரமாகும். இலண்டன் வீட்டின் அளவுகோலால் 'மிகையான ஈடுபாடு' எனப்படுவது, இங்கு இயல்பான கடமையாக இருக்கலாம். இங்குள்ள பகையுணர்வு சொல்லில் வராமல் வேறுவழியில் வெளிப்படலாம்.

தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான சோதனையில், மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுகளுக்குச் சென்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உளக்கல்வி உள்ளிட்ட உதவிகளை அளித்தனர். வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையைவிட இதனால் கிடைத்த பயன் மிதமானதே. ஆயினும் உளநல மருத்துவர்கள் அரிதாக உள்ள ஊர்களில் இது செய்யத்தக்கது என்பது தெரிந்தது.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி தமக்கான பிரதிநிதியைத் தாமே பெயரிட உரிமை அளிக்கிறது. அவ்வாறு பெயரிடப்படுபவர் உறவினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. எவரையும் பெயரிடாதபோதே உறவினருக்கும், அடுத்துப் பராமரிப்பாளருக்கும் அப்பொறுப்பு செல்கிறது.